ஒரே கணினி, இரண்டு வேகம்

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் லினக்ஸில் பறக்கிறது. அதே கிட், அதே கணினியில் விண்டோஸ் போட்டால் ஏன் தவழ்கிறது? பிராசஸரைத் திட்டிப் பயனில்லை. பெரிய ஃபைல் ஒன்றைப் படிப்பதில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. கிட் செய்வதுபோல ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் திறந்து மூடும்போதுதான் சிக்கல். விண்டோஸில் ஒவ்வொரு திறப்பும், ஃபைல் வேலைகளை இடையில் நின்று பார்க்கும் ஃபில்டர் டிரைவர்களைத் தாண்டிப் போக வேண்டும். ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். புது பிராசஸ் (ஓடும் நிரல்) தொடங்கவும் நேரச் செலவு அதிகம்.

கிட்டோ, 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் மையப்பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதியது. ஃபைலைத் தொடுவது மலிவு என்று நம்பிப் பிறந்த மென்பொருள். அதனால் பழி முழுவதும் விண்டோஸ் மேல் இல்லை, சரியா?

2023இல் மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 11க்கு டெவ் டிரைவ் என்ற, கோட் எழுதுகிறவர்களுக்கான தனி சேமிப்புப் பகுதியைக் கொண்டுவந்தது. அதில் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஃபைலை முதலில் திறக்க விட்டு, அப்புறம்தான் ஸ்கேன் செய்யும். கோட் எழுதுகிறவர்கள் போட்டுப் பாருங்கள்.