வால்ல நாலே எழுத்து

செல்லுக்குள்ள ஈஆர்னு (எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) ஒரு இடம், வெளிய அனுப்புற புரோட்டீன் எல்லாம் அங்கதான் மடிஞ்சு ரெடியாகும், அந்த மடிக்கிற வேலைக்குன்னே பிப் மாதிரி சில புரோட்டீன்கள் உள்ளயே தங்கி இருக்கும். ஆனா சரக்கு வெசிக்கிள்ங்கிற குட்டிப் பைல ஏறி, அடுத்த ஸ்டாப்பான கோல்ஜிக்கு கிளம்பும்போது இதுங்களும் சேர்ந்து நழுவிடும். அப்புறம் எப்படி திரும்பி வருது?

1987ல கேம்பிரிட்ஜ்ல மன்ரோ, பெல்ஹாம்னு ரெண்டு விஞ்ஞானிங்க பாத்தது இதான், பிப்போட வால் நுனில கேடெல்னு (KDEL) நாலு அமினோ அமிலம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து, லைசின், அஸ்பார்டிக், குளூட்டாமிக், லியூசின். அதை வெட்டிவிட்டா பிப் செல்லை விட்டே வெளிய போயிடுது. வெளிய போகவேண்டிய லைசோசைம்ங்கிற புரோட்டீன்ல அதையே ஒட்டவச்சா அது ஈஆர்லயே உக்காந்துக்குது! எனக்கு ரொம்ப பிடிச்ச எக்ஸ்பெரிமென்ட், இவ்ளோ சிம்பிளா யாருக்கும் தோணாது.

கோல்ஜில இருக்க ரிசப்டர், அதாவது பிடிச்சுக்கிற புரோட்டீன், இந்த வாலைப் பிடிக்கும், காப்-ஒன்னு ஒரு புரோட்டீன் கோட் போட்ட வெசிக்கிள்ல ஏத்தி திருப்பி அனுப்பும். சரி, பிடிச்சதை ஈஆர்ல ஏன் விடுது? பிஹெச்தான், அதாவது அமிலத்தன்மையோட அளவு. கோல்ஜி கொஞ்சம் அமிலத்தன்மை, அங்க இறுக்கமா ஒட்டும், ஈஆர் கிட்டத்தட்ட நியூட்ரல், அங்க பிடி தளர்ந்துடும். ரிசப்டர் காலியா மறுபடி கோல்ஜிக்கு, அடுத்த ட்ரிப்.

இதுல கில்லாடி யாருன்னா காலரா டாக்சின்தான், காலரா கிருமி விடுற விஷம். அதோட ஏ துண்டு வால்லயும் இதே கேடெல் இருக்கு, வெளிய இருந்து வந்த விஷம் நம்ம செல்லோட ரிட்டர்ன் வண்டியையே பிடிச்சு ஈஆர்க்குள்ள போயிடுது.