எந்த நீலம்?

"எந்த நீலம் வேணும் அண்ணே, கடல் நீலமா, இருட்டு நீலமா?"

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய ஓவியக்கூடம். இன்று மனநோயோடு வாழும் எங்கள் தெரு அண்ணனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். வருடக்கணக்காக அவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மாத்திரை போட்டாச்சா?

இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இருட்டு நீலத்தை எடுத்து, தண்ணீரே கலக்காமல், தாளின் ஓரத்திலிருந்து இழுத்தார். தூரிகையின் மயிர் பிரிந்து கோடு இரண்டாகப் போனது. அழிக்கவில்லை. நடுவில் மஞ்சளாக ஒரு ஜன்னல் வைத்தார்.

யாரும் அர்த்தம் கேட்கவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் 1946 முதல் ஓவியக்கூடம் நடத்திய எட்வர்ட் ஆடம்சனும் இப்படித்தான். தாள், வண்ணம், உட்கார இடம் கொடுத்தார். படத்துக்கு விளக்கம் சொல்ல மாட்டார்.

மாத்திரை வேண்டும்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மனநோய் என்றதும் நாம் நேர்த்திக்கடன் வைக்கிறோம், காவடி எடுக்கிறோம், அப்புறம் அந்த மனிதரைப் பின்னறையில் விட்டுவிடுகிறோம். விருந்தாளி வந்தால் கதவையும் சாத்துகிறோம். மனசு வலிக்கிறது.

கூடத்துக்குத் தடித்த தாளும் பெரிய தூரிகைகளும் தேவை. சும்மா கிடந்தால் கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.