நட்டநடுவே கத்தரிக்கோல்

இன்று என் முதல் வண்ணக்கோலக் கம்பளிக் கார்டிகனின் மார்புப் பகுதியில், நட்டநடுவே, கத்தரிக்கோல் வைத்தேன். ஐந்து மாதம் பின்னியது. கை நடுங்கியது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு இடையே கிடக்கும் ஃபேர் ஐல் தீவின் முறை இது. மொத்தம் எத்தனை நிறம் இருந்தாலும் ஒரு வரிசைக்கு இரண்டே நிறம்தான். முன்பக்கம் திறக்கும் சட்டையைக்கூடக் குழாய்போல வட்டமாகப் பின்னி முடித்த பிறகே வெட்டுவார்கள். ஷெட்லாந்துக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெட்டிய கண்ணி, அதாவது பின்னலின் நூல் வளையம், எளிதில் அவிழ்ந்து ஓடாது. படித்திருந்தேன். நம்பியது இன்றுதான்!

ஒரு நிறத்தில் பின்னும்போது மற்ற நிற நூல் உள்பக்கம் ஓடும்; அதை இறுக்கிப் பிடித்ததால் கார்டிகனின் இடது கைப்பகுதி சுருங்கி, 14 வரிசைகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. அன்று அழுதுவிட்டேன். மறுமுறை, வலது ஊசியில் கண்ணிகளை நன்றாக விரித்துவிட்டு நிறம் மாற்றினேன். கருநீலத்தின்மேல் மஞ்சள் நட்சத்திரங்கள் சுருக்கமில்லாமல் படிந்தன. எட்டு முனை நட்சத்திரம்; அம்மா மார்கழியில் வாசலில் போடுவதும் இதைத்தான்.

பொத்தான் பட்டை இன்னும் பாக்கி. மரப் பொத்தானா, பித்தளையா? சொல்லுங்கள்.