நாலு சுவருக்குள் அடங்கும் தொனி: யாழ்ப்பாணத்தில் கிற்றார் அம்பிளிபயர் தேடிய அனுபவம்

விரலால் மெதுவாகத் தொட்டால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் இலேசாகக் கரகரத்தும் ஒலிக்க வேண்டும். மின் கிற்றாரில் நான் தேடிய தொனி இதுதான். என்னிடம் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்கள்) பொருத்திய ஸ்ட்ராற்றோகாஸ்ரர் வகைக் கிற்றார். வாசிப்பது பெரும்பாலும் எண்பதுகளின் திரையிசையில் வரும் இடையிசைத் துண்டுகளும் தேவாலயப் பாடல்களும். கரகரப்பைப் பெடல் ஒன்றாலும் உண்டாக்கலாம். ஆனால் விரலின் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கரகரப்பு, டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள் கொண்ட வால்வு அம்பிளிபயரில்தான் இயல்பாக வருகிறது என்று என் காது சொல்லியதால், தேடலை அங்கிருந்தே தொடங்கினேன்.

வால்வு அம்பிளிபயர்களில் அமெரிக்கக் குரல், ஆங்கிலேயக் குரல் என்று இரண்டைப் பிரித்துப் பேசுவது வழக்கம். 1963இல் வெளிவந்த பென்டர் டீலக்ஸ் ரிவேர்ப் முதலாவதற்கு நல்ல சான்று: 6வி6 வால்வுகள் இரண்டு, 22 வாற்று, ஒரேயொரு 12 அங்குல ஒலிபெருக்கி. அதில் நடு ஒலிகள் சற்று உள்வாங்கி, மேல் ஒலிகள் மணிபோல் மினுங்கும். இரண்டாவதற்குச் சான்றான வொக்ஸ் ஏசி15, ஏசி30 ஆகியவற்றில் ஈஎல்84 வால்வுகள். அவற்றில் நடு ஒலி முன்னுக்கு வந்து பேசும். மார்ஷலின் கதை இந்தப் பிரிவினையையே கலைத்துவிடுகிறது. 1962இல் இலண்டனில் உருவான அவர்களது முதல் அம்பிளிபயர், பென்டரின் பாஸ்மன் அம்பிளிபயரின் மின்சுற்றைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியது. வால்வும் ஒலிபெருக்கியும் பெட்டியும் மாறியதில் குரலும் வேறாகிவிட்டது. சுற்றைவிட ஒலிபெருக்கிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் என் பழக்கம் இதை அறிந்த பின்னர் உறுதிப்பட்டது.

யாழ் நகரக் கடைகளில் நான் கண்டவை பயிற்சிக்கான சிறிய டிரான்சிஸ்டர் பெட்டிகளும் மேடை ஒலியமைப்புச் சாதனங்களுமே. எனவே, எம்மவர் பலரும் செய்வதுபோல், வெளிநாட்டு உறவினரை நாட வேண்டியிருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் டீலக்ஸ் ரிவேர்ப் ஒன்றைக் கொண்டுவர ஆயத்தமாகவே இருந்தான். ஆனால் அதன் எடை ஏறத்தாழ 19 கிலோ; விமானப் பொதியில் அம்மாவுக்கான சாமான்களுக்கு இடமிராது. அதைவிடப் பெரிய சிக்கல் மின்சாரம். கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவை இறக்குவதற்கு மின்மாற்றி வைக்கலாம். மீடிறனை அது மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றிய உள் மின்மாற்றி 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். மலிவான இறக்கு மாற்றிகள் சிலவற்றில் எர்த் இணைப்பு மறுபக்கம் போய்ச் சேர்வதே இல்லை. கம்பிகளைக் கையால் தொட்டு வாசிக்கும் கருவிக்கு இது விளையாட்டான விடயமல்ல. 230 வோல்ற்றுக்கென்றே செய்யப்பட்டதை இலண்டன் உறவினர் மூலம் எடுப்பதே சரி என்று முடிவெடுத்தேன்.

எத்தனை வாற்று என்பது அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஏசி15 ஒன்று இருந்ததால், அதை வாசித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. குமிழை மூன்றுக்குத் திருப்பும்வரை ஒலி தெளிவாகவே இருந்தது. நான் தேடிய கரகரப்பு ஐந்தைத் தாண்டிய பிறகே எட்டிப் பார்த்தது. அதற்குள் யன்னல் கண்ணாடி சட்டத்தில் கடகடக்கத் தொடங்கிவிட்டது. கோயில் ஒலிபெருக்கியை விடியற்காலையிலேயே பொறுத்துக்கொள்ளும் எங்கள் ஊரவர்கள் கிற்றாருக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 97 தெசிபெல் தரும் சாதாரணக் கிற்றார் ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வலுவை இரட்டித்தால் 3 தெசிபெல் மட்டுமே கூடும். ஆகவே 30 வாற்றுக்குப் பதிலாக 15 வாற்று வாங்குவதால் சத்தம் பாதியாகிவிடாது. காதுக்குப் பாதியாகக் கேட்க வலு ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறைய வேண்டும். 22 வாற்று, அந்த ஒலிபெருக்கியில் 110 தெசிபெல்லைத் தொடும். 4 வாற்றுகூட 103 தரும். வீட்டில் எவருடைய முகமும் சுளிக்காத 85 தெசிபெல் போதுமென்றால், தேவைப்படுவது ஒரு வாற்றில் பதினாறில் ஒரு பங்கு. ஆக, ஒலிபெருக்கியை ஓட்டும் வலு வால்வைத் திணறவைத்துக் கரகரப்பை எடுக்கும் ஆசையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வழியில்லை. கிற்றாரின் சைகையை முதலில் பெருக்கும் பகுதியான முன்பெருக்கியின் கெய்ன் குமிழை உயர்த்தி, இறுதிச் சத்தத்தைத் தாழ்த்தி, கிடைக்கும் கரகரப்போடு சமாதானமாக வேண்டியதுதான். அது சற்று மெலிந்த கரகரப்பு, அதை மறைப்பதற்கில்லை.

டிரான்சிஸ்டர் வகைகளையும் ஒதுக்காமல் கேட்டேன். 1975 முதல் விற்பனையில் இருக்கும் ரோலண்ட் ஜேசி-120இன் தெளிந்த ஒலிக்கு இணை சொல்வது கடினம். அது கரகரக்கப் பிறந்த பெட்டியல்ல. வலுவைக் குறைத்துக்கொள்ளும் வசதியுள்ள பொஸ் கட்டானா, இரவு வாசிப்புக்கு எல்லாவற்றையும்விட நடைமுறைக்கு உகந்தது. யாராவது முதல் அம்பிளிபயருக்கு ஆலோசனை கேட்டால் அதையே சொல்வேன்.

இறுதியில் வந்து சேர்ந்தது வொக்ஸ் ஏசி4 வகை: ஒற்றை ஈஎல்84 வால்வு, 4 வாற்று, 12 அங்குல ஒலிபெருக்கி. சிறிய வலுவோடு பெரிய ஒலிபெருக்கியை வேண்டுமென்றே தேர்ந்தேன், ஏனெனில் 8 அங்குலப் பெட்டிகளில் தாழ்ந்த கம்பிகள் தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கின்றன.

பெட்டி வந்த பிறகு அதிக நேரம் போனது அதை வைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில். எங்கள் வீட்டின் முன்னறையில் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தாழ் ஒலியை வீங்கச் செய்தன. சுவரிலிருந்து ஒரு முழம் முன்னுக்கு இழுத்ததும் அந்த வீக்கம் வடிந்தது. மேல் ஒலிகளின் குணம் வேறு: அவை ஒலிபெருக்கியின் நடுவிலிருந்து ஒளிக்கற்றைபோல் நேராகப் போகும். பெட்டி தரையில் இருக்க நாம் நின்று வாசித்தால், அந்தக் கற்றை முழங்காலில் படும். காதுக்கு மந்தமாகக் கேட்பதால் டிரெபிளைக் கூட்டுவோம். எதிரே கதிரையில் இருப்பவருக்கோ காது கூசும். பெட்டியைப் பின்னே சாய்த்து, கூம்பின் நடு என் முகத்தைப் பார்க்கும்படி வைத்தபோது, டிரெபிளை ஏழிலிருந்து நாலுக்கு இறக்க வேண்டியிருந்தது. குறைந்த சத்தத்தில் காது தாழ் ஒலியைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பதை ஒலியியல் ஆய்வாளர்களான பிளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் இரவில் பாஸை ஒரு புள்ளி உயர்த்துகிறேன்.

இரைச்சலைப் பிரித்தறிவதும் ஒரு வேலை. கிற்றாரின் சத்தக் குமிழைப் பூச்சியத்துக்கு இறக்கியதும் இரைச்சல் நின்றால், அது பிக்கப் வழியாக வருவது. எல்ஈடி விளக்கின் மின்வழங்கியிலிருந்து விலகி, உடலைத் திருப்பி நின்றாலே குறையும். நிற்காவிட்டால் அம்பிளிபயரைப் பார்க்க வேண்டும். எனக்குக் கேட்டது இரைச்சலோடு சேர்ந்த மெல்லிய கூவல். வால்வு வானொலிக் காலத்திலிருந்தே பழுதுபார்த்து வரும் சுன்னாகத்து ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றி, பென்சிலின் பின்முனையால் முன்பெருக்கி வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலாவதைத் தட்டியதும் ஒலிபெருக்கியில் 'டிங்' என்று மணி அடித்தது. “தம்பி, இது கூவிற வால்வு. எறிய வேண்டாம், அடுத்த இடத்துக்கு மாத்திப் போடுங்கோ, அங்க அடங்கியிருக்கும்” என்றார். இரண்டையும் இடம் மாற்றியதும் கூவல் அடங்கிவிட்டது. நிறுத்திய பின்னரும் மின்னைச் சேமிக்கும் கொள்ளளவிகளில் உயிரெடுக்கும் வோல்ற்றளவு தங்கியிருக்கும் என்பதால், உள்ளே எதையும் நான் தொடுவதில்லை.

இப்போதைக்கு கெய்ன் ஏழில், சத்தம் இரண்டில், கிற்றாரின் குமிழ் ஆறில் நிற்கின்றன. கரகரப்பு வேண்டிய இடத்தில் கிற்றாரின் குமிழைச் சின்ன விரலால் பத்துக்குத் தள்ளுகிறேன். அடுத்து மாற்றிப் பார்க்க எண்ணியிருப்பது ஒலிபெருக்கியை. செலஸ்ரியன் நிறுவனத்தின் புளூ என்ற ஒலிபெருக்கியின் உணர்திறன் (ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றரில் தரும் சத்தம்) 100 தெசிபெல், அவர்களது கிரீன்பாக்கினுடையது 98. விலையும் சத்தமும் குறைவென்பதால் கிரீன்பாக்கையே விரும்புகிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் இலண்டன் மச்சானுக்கு, அதற்குப் பொருந்தும் ஒலிபெருக்கியை வாங்கிவரச் சொல்லி, பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஓம் அளவைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். நாலு கிலோவுக்கும் குறைவான எடை என்பதால் இம்முறை பொதியில் இடம் கிடைக்கும்.