முப்பது பிள்ளைக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே ரூ.15,000

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள், பிள்ளைகள் நன்றாகப் படித்தால் பள்ளிக்குப் பணம் கூடும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இல்லை. பள்ளிக்குப் பணம் வருவது தலைக்கணக்கில். மதிப்பெண்ணுக்காக வரும் பணம் பிள்ளையின் கணக்குக்குத்தான் போகும், பள்ளிக்கு அல்ல.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் இப்படி: 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். ஆண்டுக்கு ஒரு முறை. 30 பேர் இருந்தால் பத்தாயிரம், இன்னும் ஒரு பிள்ளை சேர்ந்தால் இருபத்தைந்தாயிரம். விளையாட்டுப் பொருள்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000 வரை தனியாக உண்டு. நூலகத்துக்கும் தனி ஒதுக்கீடு.

அதனால் இரண்டு தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. செப்டம்பர் 30 நிலவரம் யூடைஸ் என்னும் நாடு தழுவிய பள்ளிப் புள்ளிவிவரக் கணக்குக்குப் போகிறது. மானியத் தொகை அதை வைத்துத்தான், பெரும்பாலும் அடுத்த நிதியாண்டுக்கு.

கணக்கு கெடுவது எமிஸ் என்னும் மாநில அரசின் மாணவர் பதிவுத் தளத்தில். பிள்ளை ஜூன் மாதமே வந்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஆனால் பழைய பள்ளி அதன் பெயரை ‘காமன் பூல்’ என்னும் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்காத வரை புதிய பள்ளியின் எண்ணிக்கையில் ஏறாது. கட்டண பாக்கியைக் காட்டி இழுத்தடிக்கும் பள்ளிகள் உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். அவர்கள் எப்போது கிளம்புகிறார்கள், எங்கே போகிறார்கள் என்பது தலைமை ஆசிரியரைவிடத் தெருக்காரர்களுக்கு முன்பே தெரியும். ஆளில்லாத பெயரை வைத்துக் கணக்கை ஏற்றிக்காட்டும் யோசனை மட்டும் வேண்டாம். ஆய்வுக்கு வந்தால் முதலில் மாட்டுவது தலைமை ஆசிரியர்தான்.

இனி செலவு. மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 25,000 என்றால் 2,500. மீதியில் சிறு பழுது, குடிநீர், கற்பித்தல் பொருள், பழுதான சாதனங்களை மாற்றுவது எல்லாம் செய்யலாம். மின்கட்டணத்தை உங்கள் பள்ளிக்கு யார் கட்டுகிறார்கள் என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். அது பள்ளி மானியத்தில் விழுகிறது என்றால் கையில் மிஞ்சுவது வேறு தொகை.

தீர்மானம் முதலில், பொருள் பிறகு. தணிக்கையில் அதிகம் அடிபடுவது இந்த வரிசை மாறுவதுதான்: ஆகஸ்ட் 10 தேதியிட்ட பில்லுக்கு ஆகஸ்ட் 25இல் தீர்மானம் இருக்கும். ‘பராமரிப்புச் செலவு மேற்கொள்ள’ என்று மொட்டையாக எழுதினாலும் கேள்வி வரும். இப்படி எழுதுங்கள்: ‘இரண்டு வகுப்பறைக் கரும்பலகைகளுக்கு வர்ணம் பூசவும், மாணவியர் கழிப்பறையில் மூன்று குழாய்கள் மாற்றவும், பள்ளி மானியத்திலிருந்து ரூ.4,800க்கு மிகாமல் செலவிட ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ வேலை, இடம், எண்ணிக்கை, உச்சவரம்பு நான்கும் அதில் இருக்கின்றன. வாங்கியதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்க எண்ணைப் பில்லின் பின்பக்கம் குறித்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

பணம் ரொக்கமாகக் கைக்கு வராது. பள்ளியின் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. அதில் கிடப்பது செலவு வரம்பு, அதாவது இவ்வளவு வரை செலவிடலாம் என்ற அனுமதி மட்டுமே. கடைக்காரரைப் பி.எஃப்.எம்.எஸ். என்னும் அரசுப் பணம் வழங்கும் தளத்தில் சேர்த்து, பி.பி.ஏ. என்னும் பணம் வழங்கும் தாளை அச்செடுத்து, தலைமை ஆசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும். தாளுக்குப் பத்து நாள்தான் ஆயுள். தாள் திரும்பி வரும் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: கடையின் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கில் உரிமையாளர் பெயர் வேறு; அல்லது ஒரு வங்கி இன்னொன்றோடு இணைவதற்கு முந்தைய பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண். பாஸ்புக் முதல் பக்க நகலை வாங்கிவிட்டுப் பொருளுக்கு ஆர்டர் கொடுங்கள். 2024இல் குழுக்கள் மறுகட்டமைப்பான பிறகு, புதிய தலைவரின் கையெழுத்து வங்கியில் பதிவாகாமல் தாள் திரும்பியதும் நடந்தது. குழு மாறினால் அந்த வாரமே தீர்மான நகலோடு வங்கிக்குப் போய்விட வேண்டும். மார்ச் 31 தாண்டினால் வரம்பு காலாவதி. மார்ச் கடைசி வாரத்தில் தளம் நகரவே நகராது, பிப்ரவரியிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

மானியம் வரும் என்று நம்பிக் கடனில் வாங்காதீர்கள். 2024-25இல் பி.எம்.ஸ்ரீ என்னும் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில், இந்த மானியம் வரும் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான ஒன்றிய அரசின் பங்கு ரூ.2,152 கோடி நிறுத்திவைக்கப்பட்டது.

சரி, படிப்பு? சுவர் ஓவியம் கண்ணுக்கு அழகுதான், அதனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘ழ’ வந்துவிடாது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறார். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்களாகப் பிரித்தது இந்த நிலைமைக்கு ஒத்துவந்தது. ஒரு குழுவோடு ஆசிரியர் உட்கார்ந்திருக்கையில் மற்ற இரண்டும் தாமாகச் செய்ய வேலை வேண்டுமே, அங்கேதான் காசு போக வேண்டும்: எழுத்தட்டை, மணிச்சட்டம், கையடக்க வெள்ளைப் பலகை, கூடுதல் பயிற்சித் தாள்கள். குழுக் கூட்டத்தில் சதவீதம் கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய வருகைப் பதிவு என்ன என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பட்டியலும் அடிக்கடி வராதவர் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

நடுநிலைப் பள்ளியாக இருந்தால் எட்டாம் வகுப்பின் என்.எம்.எம்.எஸ். என்னும் உதவித்தொகைத் தேர்வை விடாதீர்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000, பெற்றோர் வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வில் வென்ற பிறகும் பணம் நின்றுபோவது ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் வங்கிக் கணக்கிலும் பெயரின் தலைப்பெழுத்து மூன்று விதமாக இருப்பதால். ஏழாம் வகுப்பிலேயே சரிசெய்யுங்கள்.

சுற்றுச்சுவர், புது வகுப்பறை எல்லாம் இந்த மானியத்தில் நடக்காது. அவற்றைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதி, கிராம சபையில் தீர்மானமாக ஏற்றி, நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு கையில் இருந்தால்தான் சட்டமன்ற உறுப்பினர் நிதிக்கோ வேறு திட்டத்துக்கோ கோப்பு நகரும். விரிசல் விட்ட கூரைக்கு மானியத்தில் பூச்சு பூசி மறைக்காதீர்கள். பூசிய பிறகு வரும் பொறியாளர் ‘நல்ல நிலை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.