பச்சை மேல பச்சையா வச்சா தட்டையாத்தான் நிக்கும்

ஆடியில ஆரம்பிச்ச குவில்ட் இது, அதாவது துண்டுத்துணிய சேத்து, உள்ள பஞ்சு வச்சு தைக்கிறது, 3 அடிக்கு 4 அடி. தென்னமரம் வயக்காடுன்னு படமா ஒண்ணும் கிடையாது, வெறும் கட்டமும் பட்டையும்தான், ஆனா பாக்குறவங்க கண்ணு உள்ள உள்ள போகணும்னு எனக்கு ஆச. கும்மோணத்துல டெய்லர் கடை துண்டுத்துணிக்கு என்ன பஞ்சம், ஒரு பை நிறைய பச்சையா பொறுக்கிட்டு வந்து கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சைன்னு எல்லாத்தையும் சேத்து தைச்சு செவுத்துல மாட்டுனா கட்சிக்கொடி மாதிரி நிக்குது!

கடுப்புல போன்ல போட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தி பாத்தேன். எல்லாமே ஒரே சாம்பல். கலர் வேற வேறதான், ஆனா வெளுப்பு கருப்பு அளவு ஒண்ணு, அப்புறம் எப்புடி ஆழம் வரும்? டம்ப்ளிங் பிளாக்ஸ்னு ஒரு பழைய டிசைன் இருக்குல்ல, எல்லாம் ஒரே சைஸ் டைமண்டுதான், வெளுப்பு, நடுத்தரம், அடர்த்தின்னு மூணே துணியில பெட்டி பெட்டியா எழும்பி நிக்கும்.

அந்த வாரம் காலையில திருவையாறுக்கு பஸ்ல போறேன், ரோட்டோரத்து நாத்து பளிச்சுன்னு இருக்கு, தூரத்து தோப்பு பனியில நீலஞ்சாம்பலா கரைஞ்சு ஓரமே தெரியல. வீட்டுக்கு வந்து, தூரமா தெரியவேண்டிய மேல் பாதிய பிரிச்சுட்டேன் (தையல் பிரிக்கிற வேலைய எதிரிக்கும் குடுக்கக்கூடாது). தூரத்துக்குன்னு தனியா துணி வாங்கல, பிரிண்ட் துணியையே திருப்பி போட்டு பின்பக்கத்த வச்சேன், அதே டிசைன் மங்கலா வருது. சாதா கட்டம் போட்ட கைத்தறி சேலையில இது நடக்காது, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கும். ஒரு குட்டி சிவப்பு துண்டு மட்டும் மேல மாட்டிக்கிச்சு, அது பின்னாடி போவேனாங்குது, குதிச்சு முன்னாடி வருது, எடுத்துட்டேன்.

தேர்ல குழல் மாதிரி தொங்குற துணி, அந்த தொம்பை தைக்கிறவங்களுக்கு இந்த தலவலியே இல்ல, சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு தூரத்துலேந்து பளீர்னு தெரிஞ்சா போதும்.

மிச்ச ஆழம் தையல்லதான். பின்னாடி போகவேண்டிய எடத்துல அரை செண்டிமீட்டருக்கு ஒரு வரின்னு நெருக்கமா ஓட்டுனேன், துணி அமுங்கிடுது. முன்னாடி நிக்க வேண்டிய கட்டத்த சுத்தி மட்டும் ஒரு தையல், உள்ள தொடவே இல்ல, பொம்முன்னு எழும்புது. காட்டன் பஞ்சுல இவ்வளவு எழும்பாது, நான் போட்டது பாலியஸ்டர். ஒரு பக்கமே நெருக்கி தைச்சா துணி சுருங்கி ஓரம் கோணும், எனக்கும் கோணுச்சு. அத்தை வந்து தடவிப் பாத்துட்டு, "இந்த மூல பள்ளமா இருக்கே, தண்ணி கட்டிக்குமேடி"ன்னாங்க. அன்னிக்கு பூரா எனக்கு தரையில கால் படல.

இப்ப பிரச்சனை பார்டர். நாலு பக்கமும் கட்டுனா ஜன்னல் வழியா பாக்குற மாதிரி இருக்கும், நல்லாத்தான் இருக்கு, ஆனா கீழ இருக்குற ரெண்டு பட்டைய பார்டர் மேல ஏறி வெளிய வரவிட்டா இன்னும் கிட்ட வரும்னு தோணுது. அதுக்கு அந்த ஓரத்த மறுபடியும் பிரிக்கணும்.