பூனைவணங்கி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாயோரம், சிமெண்டு வெடிப்பில் முளைத்திருந்த குப்பைமேனியைச் சென்ற வாரம் வேரோடு பிடுங்கிப் போட்டேன். சற்று நேரத்தில் எங்கள் பூனை அந்த வேரின்மீது கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுகப் புரண்டுகொண்டிருந்தது. இலையை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரம் காயாத வேர்தான் அதை அப்படி ஆட்டிவைத்தது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஏன் பெயர் வந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. வேலிக்கு அப்பால் நின்ற மலாய்க்கார அம்மா, "கூச்சிங் காலாக்" என்று சிரித்தார். இச்செடியின் மலாய்ப் பெயர் அது; கூச்சிங் என்றால் பூனை. இரு மொழிக்காரர்களும் பூனையைப் பார்த்தே பெயர் வைத்திருக்க வேண்டும்.

தாத்தா பால் வெட்டிய ரப்பர் மரமும் இச்செடியும் ஒரே ஆமணக்குக் குடும்பம் என்றால் இங்கே பலர் நம்புவதில்லை, ஏனெனில் இதன் தண்டைக் கிள்ளினால் பால் வராது. காயைப் பார்த்தால் உறவு தெரியும்: வெயிலில் வெடித்து விதைகளைத் தெறிக்கும் ரப்பர்க் காயைப் போலவே, பல்விளிம்புக் கிண்ணம் போன்ற பச்சைச் செதிலுக்குள் ஒளிந்திருக்கும் இதன் கடுகளவுக் காய்க்கும் மூன்று அறைகள் உண்டு. 1753இல் லின்னேயஸ் இதற்கு அக்காலிஃபா இண்டிகா என்று பெயரிட்டார். முதற்சொல் காஞ்சொறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பாவம், இது யாரையும் சுணைப்பதில்லை.

அப்பாயி இதன் இலையை மஞ்சளும் கல்லுப்பும் சேர்த்து அரைத்து எங்கள் சிரங்குக்குப் பூசுவார். எரிச்சலில் துள்ளினாலும் விடமாட்டார். பூசுவது வேறு, குடிப்பது வேறு. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் இதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்து, சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்து மருத்துவமனைக்குப் போனது இலங்கையில் பதிவாகியுள்ளது. நம் நாட்டில் பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இக்குறைபாட்டைச் சோதித்துவிடுகிறார்கள். என் தங்கை மகனுக்கு அது இருக்கிறது; ஆகவே சளிக்குச் சாறு பிழிந்து கொடுக்கலாம் என்று யார் சொன்னாலும் நாங்கள் கேட்பதில்லை. செம்பனைத் தோட்ட ஓரத்தில் முளைப்பதைப் பறிப்பதும் இல்லை, அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள்.

பூனைக்காக வேலியோரம் ஒரு செடியை மட்டும் விட்டுவைத்திருந்தேன். நேற்று அதன் அடியிலும் மண் பறிக்கப்பட்டிருந்தது.